முப்பத்தெட்டாவது குண்டூசி

அந்த அம்மாவுக்குத் தெருவில் வழங்கும் பெயர் ‘அரையங்குலம்’. பழைய உடுப்புகளைத் திருத்திக் கொடுப்பவர். இறுக்கிப் பிடிக்கிற கோட்டையோ கவுனையோ போட்டுக்கொண்டு யார் போய் நின்றாலும், அவர்களைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, “அரை அங்குலம் விட்டா சரியாப் போயிடும்” என்பார். மூன்று அங்குலம் பெருத்துப் போனவரிடமும் அதே அரை அங்குலம்தான். பிறகு சத்தமில்லாமல் மூன்று அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுப்பார். வந்தவர் தாம் பெருத்துப்போகவில்லை, துணிதான் சுருங்கிவிட்டது என்ற நிம்மதியோடு படியிறங்குவார். பொய் என்று பார்த்தால் பொய்தான். அந்தப் பொய்க்காகவே இரண்டு தெரு தள்ளியிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

கடை, மருந்துக்கடையின் மாடியில் ஓர் அறை; அதன் பின்னால்தான் குடித்தனம். ஆளுயரக் கண்ணாடி, ஏறி நிற்க ஒரு மரப்பெட்டி, ஓடுகிற தையல் மெஷின் ஒன்று, அதற்கு உதிரிபாகம் கொடுத்தே பாதியாகிப்போன மெஷின் இன்னொன்று. அம்மாவுக்கு இரண்டு பழக்கங்கள். கடை பூட்டும்முன் குண்டூசிகளை எண்ணி டப்பாவில் போடுவார். எண்ணிக்கை சரியாகாமல் ஒருநாளும் பூட்டியதில்லை. இன்னொன்று பழக்கம் என்று அவருக்கே தெரியாது. துணியிலிருந்து பிடுங்கிய ஊசியைச் சட்டையின் இடது தோளில் குத்திக்கொள்வார். கை தானாகப் போகும், தானாகத் திரும்பும். அவருடைய மகள் குழந்தையாக இருந்தபோதே இதைக் கற்றுக்கொண்டு, தூக்கம் வந்தால் வலது தோளில் மட்டும் சாய்ந்துகொள்வாளாம்.

அந்த மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். புகுந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸ்.

சம்பந்தி ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. எதற்கும் நேரம் பார்ப்பவர், சாப்பாட்டுக்கு மட்டும் பார்க்காதவர். சம்பந்தியம்மாள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸாக இருந்தவர். வயிற்றைத் தைத்து மூடும்முன், உள்ளே போன ஊசி, பஞ்சு, கத்தரி எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிச் சொல்வது அவர் பொறுப்பு. முப்பத்தைந்து வருடத்தில் தப்பான கணக்கு ஒன்றுகூடச் சொன்னதில்லை என்பது அவர் பெருமை. அதை ஒருமுறை சொன்னால் போதும் என்று அவர் நினைத்ததில்லை என்பது மற்றவர்கள் கஷ்டம்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு மகள் போன் செய்தாள்.

“அம்மா, எல்லாரும் ஆளுக்கொரு ஐட்டம் எடுத்துட்டு வராங்க. நீ ஈஸியா ஏதாவது பண்ணு, போதும். ரெண்டு விரலால எடுத்து ஒரே வாய்ல போடற மாதிரி இருக்கணும். அத்தை அன்னிக்கு ஒரு தட்டுகூட வெளிய எடுக்க மாட்டாங்க.”

“தட்டே இல்லாம என்னடி விருந்து?”

“இருபது பேரு தட்டை யாரும்மா கழுவறது? முடியலன்னா பேக்கரில வாங்கிக்கோ.”

“ஏன், எனக்குக் கை இல்லையா?”

வினை இந்த ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. கை இருந்தது, சமையல் கை இல்லை. தெரிந்த வித்தையை வைத்துச் சமாளித்தார். கிறிஸ்துமஸ் காலையில் ரொட்டித் துண்டுகளை அடுக்கி, ஓரங்களைத் துணி ஓரம் போல நறுக்கித் தள்ளினார். உருட்டுக் கட்டையால் தேய்த்து மெல்லிசாக்கி, வெண்ணெய் தடவி, ஒரு பாளம் சீஸும் ஒரு கீற்று வெள்ளரிக்காயும் வைத்துச் சுருட்டி, டேப் வைத்து ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினார். அறுபது சுருள், ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசமில்லை. பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது, சுமார் இரண்டு நிமிடம். பிறகு முதல் சுருள் மெதுவாக அவிழ்ந்தது. அடுத்து அதன் பக்கத்துச் சுருள். கொட்டாவி மாதிரி அது வரிசை முழுக்கப் பரவியது.

பல்குத்தும் குச்சியால் குத்தி வைக்கலாம். டப்பாவில் இருபத்திரண்டு குச்சிதான் இருந்தது. தெருவில் ஒரு கடை திறக்கவில்லை, கீழே மருந்துக்கடை உட்பட.

மீதி முப்பத்தெட்டு. அலமாரியில் பிரிக்காத குண்டூசி டப்பா. கண்ணாடித் தலை வைத்தது, பல நிறம். வேறொரு அம்மாவாக இருந்தால் நூல் தேடியிருப்பார், இல்லை கிராம்பு தேடியிருப்பார். முப்பது வருடமாக எது அவிழ்ந்தாலும் ஊசியைத் தேடிய கை வேறு எதைத் தேடும்? சிவப்பும் பச்சையுமாகப் பொறுக்கி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, எண்ணிக் குத்தினார். தலை இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, கண் உள்ளவர்கள் பிடுங்கிவிட்டுத்தானே தின்பார்கள் என்று தமக்குத்தாமே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். பிடுங்கிய ஊசியைக் குத்திவைக்க ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் தட்டின் நடுவில் வைத்தார்.

அழகாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடமே. முட்டைப் பாதிகளும் இறைச்சி உருண்டைகளும் திராட்சை குத்திய குச்சிகளும் நிறைந்த சம்பந்தி வீட்டு மேஜையில், எல்லோர் கண்ணும் இந்தச் சிவப்பு பச்சைப் புள்ளிகளில் போய் நின்றது. சம்பந்தியம்மாளின் புருவம் மட்டும் உயர்ந்தது.

“ஊசியா அண்ணி?”

“கொதிக்க வச்சிட்டேன் அண்ணி. எண்ணித்தான் குத்தியிருக்கேன்.”

“எத்தனை?”

“முப்பத்தெட்டு.”

சம்பந்தியம்மாள் தலையசைத்தார். எட்டு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அந்தச் சந்தோஷத்தில் அம்மா ஒரு சுருளை எடுத்து, “பாருங்க, இப்படிப் பிடுங்கிட்டு, இப்படி” என்று வாயில் போட்டுக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். தட்டு காலியாக இருபது நிமிடம் ஆகவில்லை. கார்டு மட்டும் ஒன்பது தின்றார். மெல்லுவதை அவர் காலதாமதமாகக் கருதுபவர்.

“எங்கம்மா பண்ணது” என்று மகள் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரலை அம்மா கேட்டதே இல்லை.

ஆரஞ்சைச் சமையலறைக்கு எடுத்துப்போய் ஊசிகளை எண்ணினார். முப்பத்தேழு.

மறுபடி எண்ணினார். அதே முப்பத்தேழு. தட்டைத் தடவினார். தரையைத் தடவினார். குப்பைக் கூடையில் கைவிட்டு, கசங்கிய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு குச்சி குத்தியது, ஊசி இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமக்கு எண்ணத் தெரியாமல் போயிருக்கட்டும் என்று ஆசைப்பட்டார்.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். பாட்டுப் பாடினார்கள், வாய்கள் திறந்து மூடின. ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். சொன்னால் மகள் முகம் போகும். சொல்லாவிட்டால் யாரோ ஒருவர் வயிறு போகும். எது பெரிது என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கைதட்டினார், அடுத்த பாட்டுக்கும் தட்டினார். ஆயுசு முழுக்க ஊரார் தப்பைத் திருத்தியே பிழைத்தவர், தம்முடைய தப்பை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்போது கார்டு நெஞ்சைத் தடவினார். “என்னமோ இங்க சுருக்குனு குத்துது.”

ஒன்பது சுருள் தின்றவருக்கு எது வேண்டுமானாலும் குத்தும். ஆனால் அம்மா எழுந்துவிட்டார்.

“ஒரு ஊசி குறையுது.”

பாட்டு அறுந்தது. சம்பந்தியம்மாளின் குரல் தியேட்டர் குரலாக மாறியது. “யாரும் நகராதீங்க. எப்போ தெரிஞ்சுது அண்ணி?”

“இப்பத்தான்.”

அது இரண்டாவது தப்பு. முதலாவதைவிடச் சின்னச் சொல், முதலாவதைவிடப் பெரிய தப்பு.

இருபது பேரும் செருப்பைக் கழற்றி உதறினார்கள். கம்பளத்தைச் சுருட்டினார்கள். மெத்தைகளைத் தூக்கினார்கள். மாப்பிள்ளை டார்ச்சோடு குப்புறப் படுத்துச் சோஃபாவுக்கு அடியில் தேடினார். ஆளாளுக்குத் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். குச்சி குத்திய சுருளைத் தின்றவர்கள்கூட. எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று முடிவாகி, கார்டு ஷூ மாட்ட உட்கார்ந்தார்.

“இருந்துட்டுப் போகட்டும் விடுங்க. ஊசியோட சேர்த்தே நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். யாரும் சிரிக்காததால் லேஸைக் கட்டினார்.

மகள் அம்மாவைத் தாண்டிப் போகும்போது நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. “பேக்கரில வாங்கிக்கோன்னு சொன்னேன்ல?”

திட்டியிருந்தால் தேவலை. அம்மா கதவோரமாகப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். கண்ணீர் வந்தது, துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது.

“அழாதீங்க அண்ணி. தியேட்டர்லயே நடக்கிறதுதான். எக்ஸ்ரேல தெரிஞ்சு...”

அந்தக் கை விழுந்தது இடது தோளில். ஒரு கணம் வெடுக்கென்று நின்றது. பிறகு மெதுவாக விலகியது.

“இதோ! கிடைச்சிடுச்சு!” சோஃபாப் பக்கம் குனிந்து நிமிர்ந்த சம்பந்தியம்மாள் விரல் நுனியில் பச்சைத் தலை ஊசி மின்னியது. “மெத்தை மடிப்புல சொருகியிருந்துச்சு. எண்ணிக்கை சரி!”

கூடம் முழுக்கக் கைதட்டல். கார்டு ஒரு ஷூவை உதறிவிட்டு மேஜையில் என்ன மிச்சம் என்று பார்த்தார். மகள் சிரித்தாள். அம்மா மட்டும் சம்பந்தியம்மாளின் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். நுனியில் கடுகளவு ரத்தம். கை தன்னிச்சையாகத் தம் பச்சைச் சட்டையின் இடது தோளுக்குப் போனது. துணியில் ஊசி இருந்த துளை தட்டுப்பட்டது. முதல் சுருளிலிருந்து பிடுங்கிக் காட்டினாரே, அந்த ஊசி.

எவ்வளவு சுத்தமான வேலை! தையல் வெளியே தெரியாமல் விட்டுக் கொடுத்திருக்கிறார். அதன் அருமை அந்தக் கூடத்தில் வேறு யாரையும்விட அம்மாவுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“இல்ல” என்றார். “சோஃபால இல்ல. என் தோள்லதான் இருந்துச்சு. நானே குத்திக்கிட்டேன். அண்ணி விரலைப் பாருங்க, ரத்தம். குறையுதுன்னு எனக்கு அரை மணி நேரம் முன்னாடியே தெரியும். சொல்லாம உக்காந்திருந்தேன்.”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருக்கிறார். எல்லோரும் தம்மைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. விரலை வாயில் வைத்தபடி நின்ற சம்பந்தியம்மாளைப் பார்த்தார்கள். முப்பத்தைந்து வருடம் தப்பான கணக்கே சொல்லாதவர்.

“ஏம்மா, நீயா பொய் சொன்ன?” என்றார் கார்டு. கோபம் இல்லை. நாற்பது வருடக் குடித்தனத்தை முதல் நாளிலிருந்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டுமோ என்கிற யோசனைதான்.

சம்பந்தியம்மாளின் முகம் சிவந்து, அந்தச் சிவப்பு காதுவரை போனது. அம்மாவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. தம்மைக் காப்பாற்ற நீட்டிய கையைப் பிடித்து, அவரையும் சேர்த்துக் குழிக்குள் இழுத்தாயிற்று. தப்பு செய்தபோது வராத வெட்கம் நிஜத்தைச் சொன்னபோது வந்தது, இரண்டு மடங்காக.

விருந்து அதற்குப் பின்னும் ஒரு மணி நேரம் நடந்தது. எல்லோரும் எதையும் வாயில் போடும்முன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், திராட்சையைக்கூட. கிளம்பும்போது சமையலறையில் இருவரும் தனியாக நின்றார்கள். சம்பந்தியம்மாள் முப்பத்தெட்டு ஊசியையும் ஒரு மருந்து டப்பாவில் போட்டு நீட்டினார்.

“ஊருக்கெல்லாம் அரை அங்குலம் விடறீங்களாமே அண்ணி. எனக்கு விட மனசு வரலையா?”

அம்மா டப்பாவை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். மகள் வாசல்வரை வந்தாள். வலது தோளில் ஒரு நொடி சாய்ந்துவிட்டு உள்ளே போனாள். அது மன்னிப்பா, பழக்கமா என்று அம்மா வழியெல்லாம் யோசித்தார்.

ஜனவரி கடைசியில் ஒருநாள் மாடிப்படியில் காலடிச் சத்தம். சம்பந்தியம்மாள். கையில் ஒரு நீலக் கவுன். சர்ச் கல்யாணத்துக்குப் போக வேண்டும், இடுப்பில் பிடிக்கிறது என்றார். கிறிஸ்துமஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போட்டுக்கொண்டு மரப்பெட்டி மேல் ஏறி நின்றார்.

அம்மா சுற்றி ஒரு நடை நடந்தார். பத்து ஊசி குத்தினார், ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கை இடது தோளுக்குப் போனது. பாதி வழியில் நின்று டப்பாவுக்குத் திரும்பியது. மேலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “சத்தமா எண்ணுங்க” என்றார்.

“ஏழு. எட்டு. ஒம்பது.”

“எவ்வளவு பெருத்திருக்கேன் அண்ணி?”

டேப் இரண்டே கால் அங்குலம் காட்டியது. அம்மாவின் காது சுட்டது. தலை நிமிராமல் டேப்பைச் சுருட்டினார்.

“அரை அங்குலம்.”

பெட்டி மேலிருந்தவர் கண்ணாடியில் தம் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

“ம். எழுதிக்குங்க” என்றார் சம்பந்தியம்மாள். “பத்தாவது ஊசி எங்க?”