தாடி நரைத்த தகப்பன்

நாற்பத்தேழு வயதில் நான் தகப்பனானேன். கோவை கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். ஜாதகம் பொருந்திப் பெண் அமைவதற்குள் மீசை நரைத்துவிட்டது. மாமனாரே என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர்.

மனைவி உண்டானதும் செல்போனில் கண்டதையும் படித்தேன். தகப்பனுக்கு வயது ஏறினால் பிள்ளை குறைமாதத்தில் பிறக்கலாம், எடை குறையலாம் என்று போட்டிருந்தது. வயதெல்லாம் பொம்பளைகளுக்குத்தான் கணக்கு என்று அதுவரை மெத்தனமாக இருந்தவன் நான். மனைவி மாசமாக இருக்கையில் புருஷன் சவரம் செய்யக் கூடாது என்று மாமியார் சொன்னபோது, சாத்திரம் என்றாலே எரிந்து விழுகிற நான் மறுபேச்சில்லாமல் தலையாட்டினேன். நரைக்கு டை அடிப்பதையும் விட்டேன். தாடி பஞ்சாக வெளுத்து வளர்ந்தது.

பயந்தபடியே மகள் ஒரு மாதம் முந்திப் பிறந்தாள். மூச்சுவிடத் திணறியவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். என் வயதுதான் காரணமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"கொஞ்சம் இருக்கலாங்க. அது மட்டுந்தான்னு யாராலயும் சொல்ல முடியாது," என்றார்.

பொய் சொல்லித் தேற்றாத அவரை எனக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

சில நாளில் மூச்சுவிட வைத்திருந்த குழாயை எடுத்தார்கள். மனைவிக்குக் காய்ச்சல்; அதனால் தகப்பன் வெறும் மார்போடு குழந்தையை அணைத்துச் சூடு கொடுக்கட்டும் என்றார்கள். வெளியே வந்த நர்ஸ், மழுமழுவென்று சவரம் செய்து டை அடித்திருந்த மாமனாரிடம் சட்டையைக் கழற்றச் சொன்னாள். என்னைப் பார்த்து, தாத்தா இங்கேயே உட்காரட்டும் என்றாள். மாமனாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எனக்கோ அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. மாமனாரே அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு என் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

"போங்க மாப்ள. புள்ளைக்கு உங்க வயசா தெரியப் போகுதுங்க?"

உள்ளே மகளை என் மார்பில் படுக்க வைத்தார்கள். கோழிக்குஞ்சின் கனம்தான் இருந்தாள். முதலில் மூச்சு விட்டு விட்டு வந்தது. நானும் அவளோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மெல்ல அது சீரானது. மெஷினைப் பார்த்த நர்ஸ், இனிப் பெட்டி வேண்டியிருக்காது போல என்றாள். அப்பாடா என்று கண்ணை மூடினேன்.

நேரம் முடிந்து குழந்தையை எடுக்கக் கை நீட்டியவள், பழக்கதோஷத்தில் மறுபடியும் தாத்தா என்று கூப்பிட்டாள். மகளின் விரல்கள் என் நரைத்த தாடியைப் பற்றியிருந்தன.

"அப்பனுங்க," என்றேன். "அவளா விடட்டுங்க. அப்புறம் எடுத்துக்கலாம்."