தீப்படாத காயம்

போன வாரம் சாத்தூர்ப் பேருந்தில் இருந்தபோது அக்கா கைபேசியில் கூப்பிட்டாள். "நம்ம முதுகெலும்பு டாக்டரம்மா தவறிப்போயிட்டாகளாம்" என்றாள். விருதுநகரில் டாக்டர் பூரணியிடம் போனவர்களுக்கு அந்த 'நம்ம' புரியும்.

அக்கா நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். தீபாவளி சீசனில் ஒருநாள் பக்கத்து அறையில் மருந்து பற்றிக்கொண்டது. ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே குதித்தார்கள். அக்கா மல்லாக்க விழுந்தாள். எங்கள் பக்கம் இப்படி நேர்ந்தால் முதலில் தீப்பட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்போம். ஒரு கொப்புளம்கூட இல்லை. தப்பித்துவிட்டாள் என்று சோடா கொடுத்து, பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் கால்கள் மரத்துப்போயின.

அன்றிரவே விருதுநகருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதுகில் அடிபட்டவளைப் பைக்கில் உட்காரவைத்ததற்காக டாக்டர் யாரையும் திட்டவில்லை. எப்படித் தூக்கினீர்கள், எந்தக் கால் முதலில் மரத்தது, வாசல் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நடப்பாளா என்று நான் கேட்டேன்.

"தெரியாதும்மா. நரம்பு நசுங்கியிருக்கு, அறுபடல. அழுத்தத்தை எடுத்துவிடுறேன். மிச்சத்தை அதுதான் சொல்லணும்."

அவர் விரல்களையே நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். மதுரையில் பயிற்சியின்போது வெகுகாலம் ரத்தம் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது மட்டுமே தன் வேலை என்றார். எலும்பைத் துளைக்கக் கை பழகுவதற்காக முட்டை ஓட்டைத் துளைக்க வேண்டும், உள்சவ்வு கிழியக்கூடாது, அதுதான் வீட்டுப்பாடமாம். சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த அவர் அப்பா, விடுமுறை முழுக்க ஆம்லெட் தின்று சலித்து, "புள்ள டாக்டருக்குப் படிக்குதா, புரோட்டாக் கடை போடப் போகுதா?" என்று கேட்டாராம்.

அறுவைக்கு மறுநாள் காலை, "கால் கட்டைவிரலை அசைங்க" என்றார். நாங்கள் எல்லோரும் காலையே பார்த்தோம். அவர் மட்டும் அக்காவின் முகத்தைப் பார்த்தார். விரல் அசையவில்லை. கையை நீட்டி அந்த விரலைப் பிடித்தார். அக்காவின் நெற்றி சுருங்கியது.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு டாக்டர்."

"ஊரட்டும்" என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஏன் காலைப் பார்க்கவில்லை என்று வெளியே வந்ததும் கேட்டேன். "எல்லாரும் காலைப் பார்த்தா, அசையலேன்னா அவ யாரைப் பார்ப்பா?" என்றார்.

விரல் அசைய வாரங்கள் ஆயின. இன்று அக்கா நடக்கிறாள், இடது காலைச் சற்று இழுத்தபடி. டாக்டரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தப் பார்வையை மட்டும்தான்.

அஞ்சலி செலுத்தப் போன அன்று, வேண்டாம் என்று தடுத்தும் அக்கா அவர் வீட்டு மாடிப்படி ஏறினாள். கூடியிருந்தவர்கள் அவள் காலைப் பார்த்தார்கள். பாதிப் படியில் நின்று அவள் என்னைத் தேடினாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.