பொட்டுக்குள் இருந்த ஈயம்

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஓர் ஈயக் குண்டு வைத்திருக்கிறேன். மீன் வலையில் கட்டுகிற சாதாரண ஈயம். அதைப் பார்த்தாலே எங்கள் கிளப் செயலாளரின் முகம் ஞாபகத்துக்கு வரும்.

திருச்சிக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி ஓட்டுகிறவர்களின் கிளப் அது. பரிசு ஒரு பித்தளைக் கோப்பை. அதற்காக எஞ்சினைத் திறந்து, உள்ளே அராவி, திருட்டுத்தனமாக வேகம் கூட்டுகிற ஈனப் புத்தி வசதியான ஆட்களுக்குத்தான் அதிகம். அதைத் தடுப்பது என் பொறுப்பு. முந்தின நாளே ஒவ்வொரு எஞ்சினின் போல்ட்டுகளிலும் கம்பி கோத்து, முடிச்சில் ஈயம் வைத்துக் குறடால் அழுத்துவேன். ஈயத்தில் என் நட்சத்திர அடையாளம் பதியும். கம்பியை அறுக்காமல் எஞ்சினைத் திறக்க முடியாது.

செயலாளருக்கு ஸ்ரீரங்கத்தில் ஜவுளிக்கடை. வாயைத் திறந்தால், "ரங்கநாதர் பாத்துக்கிட்டிருக்காருங்க" என்பார். அவரும் வண்டி ஓட்டுவார், மாட்டு வண்டி மாதிரி. அந்த வருஷம் ஜெயிக்கிறவருக்குச் சென்னைப் போட்டியில் இடம் என்று அறிவித்திருந்தார்கள். லால்குடியில் டிராக்டர் பட்டறை நடத்திய ஒரு பெண்ணுக்குத்தான் அது என்று எல்லோருக்கும் தெரியும். அவளை நெருங்க ஆளில்லை.

பந்தயத்தன்று காலையில் வண்டிகளுக்குப் பூஜை போடுவது எங்கள் வழக்கம். எல்லா வண்டிக்கும் ஸ்டியரிங்கில் சந்தனம், குங்குமம். செயலாளர் வண்டிக்கு மட்டும் கூடுதலாக எஞ்சின் முத்திரையின் மேலேயே, தோசை மாவு கணக்காக அப்பியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இந்த மனிதர் பொட்டில் மறைத்தார். நான் துணியை எடுத்தேன்.

"பூஜை போட்ட பொட்டைத் துடைக்கப் போறீங்களா? நல்லா இருக்குங்க" என்றார் சிரித்துக்கொண்டே. சுற்றி இருபது பேர். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். சாமிக்குப் பயந்தேன் என்று வீட்டில் சொன்னேன். பொய். அவருக்குத்தான் பயந்தேன்.

ஜெயித்தவர் அவர். இரண்டாவதாக வந்த லால்குடிப் பெண் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து, கிரீஸ் துணியால் அந்தப் பொட்டை ஒரே இழுப்பில் துடைத்தாள். நட்சத்திரம் இல்லை. மொட்டை ஈயம். மேலே பொட்டு இருக்கும்போது அடையாளம் எதற்கு என்று மகானுபாவர் விட்டிருக்கிறார். திருட்டிலும் சோம்பேறித்தனம்.

"சார் குறடு சரியா அழுத்தலைங்க, அவ்வளவுதான்" என்றார், கூசாமல். கமிட்டி என்முன் ஒரு தாளை நீட்டியது: முத்திரை நான் வைத்ததுதான், அழுத்தம் போதவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். அவரைத் திட்டுகிற ஒவ்வொரு சொல்லும் அந்தக் கையெழுத்தைத் தாண்டித்தான் என் வாயில் வருகிறது.

அந்தப் பெண் கத்தவில்லை. கம்பியை அறுத்து ஈயத்தை எடுத்து வந்து தாளின் மேல் வைத்தாள். "காத்துல பறந்துடப் போவுது சார்." வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவள், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். போன வாரம் செயலாளர் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் மகன் ஓட்டுகிறானாம். முத்திரை வைக்க நான்தான் வரவேண்டுமாம். "வேற ஆளுங்க மேல எனக்கு நம்பிக்கை இல்லீங்க" என்றார்.

இந்த ஊரில் என்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருப்பவர் வேறு யாருமில்லை. அவர் கொடுத்த அழைப்பிதழ் ஈயத்தின் அடியில் இருக்கிறது.