நின்ற இடத்தில் ஓடிய கார்

என்னையும் விற்றவரையும் தவிர அதைக் கார் என்று யாரும் சொல்லவில்லை. ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் அந்தச் சீமைக் கார் துருப்பிடித்துக் கிடந்தது. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை வைத்துக்கொண்டு காரை மட்டும் கொடுத்தார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். காலைப் பூசை முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிடுவேன். "சாப்பிட வெளிய வருவீங்களா, தட்டை உள்ள தள்ளிவிடட்டுமா?" என்பாள் என் மனைவி. சுருக்கென்று கோபம் வரும். பசியும் வரும் என்பதால் எழுந்து போய்விடுவேன். மூன்று வருஷம் இப்படி. கடைசியில் ஒரு ஞாயிறு, முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியபோது இஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். மறு ஞாயிறு மனைவியை ஏற்றிக்கொண்டு ஆத்தூர் அணைக்குப் போவது என்று முடிவாயிற்று.

அதற்குள் அக்கா வந்து நின்றாள். தாடிக்கொம்புப் பக்கத்தில் அவளுக்கும் மச்சானுக்கும் மல்லிகைத் தோட்டம். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இஞ்சின் உடைந்துவிட்டது. சாமான் வரப் பத்து நாள் ஆகுமாம். இஞ்சின் வாங்கிய ஜோரில், மாடு கட்டி இறைக்கும் பழைய கமலையைப் பிரித்து விறகாக எரித்திருந்தார்கள். சித்திரை வெயிலில் செடி பத்து நாள் தாங்காது.

"ஏலே தம்பி, உன் கார் இஞ்சினக் கழட்டித் தாயேன்."

"கழட்டவா? மூணு வருசமா மாட்டுனத?" என்று கத்திவிட்டேன்.

அக்கா முந்தானையில் முடிந்திருந்த மொட்டுகளை மேஜைமேல் கொட்டினாள். எல்லாம் மிளகு அளவுக்குச் சூம்பிப் போயிருந்தன. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"கழட்ட மாட்டேன். காரோட வாரேன்," என்றேன்.

காரின் முதல் பயணம் அப்படி அமைந்தது. தார் ரோட்டில் ராஜா மாதிரி போனது. தோட்டத்து வண்டிப்பாதையில் திரும்பியதும் மணலில் புதைந்தது. மச்சான் காளைகளை ஓட்டிவந்து பூட்டினார். "மாப்ள, ஹாரன் மட்டும் அடிச்சிராதீக, மாடு மிரளும்," என்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பெரிய மனுஷன் போல உட்கார்ந்திருந்தேன்.

கிணற்றடியில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரைக் கழற்றி, வெறும் வளையத்துக்கும் பம்புக்கும் பெல்ட் மாட்டினோம். மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்தோம். கியரைப் போட்டுக் கிளச்சை விட்டதும் கார் நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டு ஓடியது. பெல்ட் இரண்டு தடவை கழன்றது. இரண்டு தடவையும் மச்சானைத் திட்டினேன், மாட்டியவன் நான்தான். மூன்றாம் தடவை குழாய் காறித் துப்பிவிட்டுக் கை பருமனுக்குத் தண்ணீரைக் கொட்டியது. அந்தச் சந்தோஷத்தை இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மச்சானைக் கட்டிப்பிடித்து அவர் சட்டையெல்லாம் கிரீஸ் ஆக்கினேன்.

நகராத காருக்குக் காற்று ஏது? இஞ்சின் கொதிக்க ஆரம்பித்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, குடம் குடமாக ஊற்றினேன். கருகிவிட்டால் அதோடு சரி என்று எனக்குத் தெரியும். வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்த அக்கா, பாதித் தோட்டம் நனைந்ததும் மண்வெட்டியோடு வந்தாள். பானட்டைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"யாத்தே, இம்புட்டுக் கொதிக்குதே! நிறுத்துலே. மூணு வருசம் பாடுபட்டது வீணாப் போயிரும். பாதி பொழச்சாப் போதும் எனக்கு."

நான் நிறுத்தவில்லை. இன்னொரு குடத்தை ஊற்றிவிட்டு, "நீ போயி மடையப் பாரு," என்று அதட்டினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி ஓடினாள். கடைசிப் பாத்தி நனையும்வரை காரும் நிற்கவில்லை.