ரோசினா பூசிய விரிசல்

உடைந்த ஒன்றை உடைந்தபடி விட்டுவைக்க ரோசினாவால் முடியாது. வேலியில் ஒரு பலகை ஆடினால் அன்றைக்கே ஆணி அடித்துவிடுவாள். தன் வேலியோடு நிறுத்தினாலும் பரவாயில்லை, தெருவைத் தாண்டி வந்து என் வேலியிலும் அடிப்பாள். அடித்துவிட்டு, என் கேட் தொங்குவது என் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று ஊரே கேட்கக் கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இத்தனை வருடம் எதிரெதிர் வீடு. அவள் சத்தம் கேட்காத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை என்பதும் உண்மைதான்.

அவள் சாக்ஸன்காரி, எப்போதோ இங்கே குடியேறிய ஜெர்மன் வம்சம். நான் ருமேனியக்காரி. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்ததும் அவள் ஆட்கள் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் போகவில்லை. தங்கச்சி அழைத்து அழைத்து அலுத்துப்போனாள். ஏன் போகவில்லை என்று நானும் கேட்டிருக்கிறேன்.

"சாவிய யார்கிட்ட குடுத்துட்டுப் போறது?" என்றாள்.

தேவாலயத்தைச் சுற்றியிருக்கிற மதிலின் மூலையில் ஒரு கோபுரம். அதன் சாவியைத்தான் சொன்னாள். அந்தக் கோபுரத்துக்குள்தான் சாக்ஸன் குடும்பத்தார் தங்கள் பன்றி உப்புக்கண்டத்தைத் தொங்கவிடுவார்கள். கோடையிலும் உள்ளே குளிர்ச்சி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கொக்கி. ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்ததும் கத்தியோடு வரிசையில் வந்து, அந்த வாரத்துக்கு வேண்டியதை வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டிய இடத்தில் சாவிக்காரி முத்திரை குத்துவாள். அடுத்த வாரம் முத்திரை அப்படியே இருந்தால் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம்.

அவர்கள் போன பிறகு கொக்கிகள் காலியாகத் தொங்கின. ரோசினாவுக்கு அது பொறுக்குமா? வீடு வீடாக வந்து ஆளுக்கொரு கொக்கியை எங்களுக்குக் கொடுத்தாள். மேலத்தெரு ருமேனியர்களுக்குக் கொடுத்தாள், ஊர் ஜிப்சிகள் என்று சொல்கிற கீழத்தெரு ரோமாக்காரர்களுக்கும் கொடுத்தாள். என் மாமியார் காலத்தில் எங்களில் யாரும் அந்த மதிலுக்குள் கால் வைத்ததில்லை. இப்போது மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே வரிசையில் நிற்பது அந்த ஒரு இடத்தில்தான். கீழத்தெரு ஃபனேலுக்கும் எனக்கும் வாய்க்கால் தகராறு வந்து பேச்சு நின்று பல வருடம் ஆயிற்று. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பின்னால் வந்து நிற்பான். ஒரு 'உம்' கூடச் சொல்ல மாட்டான், நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நிற்பான்.

போன இலையுதிர் காலத்தில் கோபுரக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. பழைய கட்டடங்களைப் பார்க்கிற பொறியாளர் லவீனியா நகரத்திலிருந்து வந்தாள். விரிசலுக்குக் குறுக்கே கையகலத்துக்கு ஜிப்சம் பட்டை ஒன்று பூசி, அதில் தேதியைக் கீறினாள். கோபுரம் அசைந்தால் பட்டை உடையும். உடைந்தால் உடனே பூட்டிவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள், வேறு எதுவும் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ரோசினாவுக்கு நிம்மதி போயிற்று. காலையில் எழுந்ததும் பட்டையைப் பார்க்க ஓடுவாள். அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு மறுபடியும் ஓடுவாள். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அவள் முகம் வெளுத்துவிடும். பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போட்டவள்கூட இப்படிப் போய்ப் பார்க்க மாட்டாள் என்று நான் கிண்டல் பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. கோபுரத்தை மூடிவிட்டால் அப்புறம் நீங்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள்தானே இருப்பீர்கள் என்று கேட்டாள்.

குளிர்காலம் அப்படியே போயிற்று. பெந்தெகொஸ்து பண்டிகை வந்தது. அதற்கு முன்பு சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பது சாக்ஸன்காரர்கள் வழக்கம். சனிக்கிழமை அவள் தனியாக வாளியும் மட்டையுமாக மதிலுக்குள் போவதைப் பார்த்தேன். திரும்பி வந்தவள் என்னைப் பார்த்தும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது.

மறுநாள் மணி அடித்தது. கத்தியோடு போய் நின்றோம். கோபுரக் கதவு பூட்டியிருந்தது. சாவி தொலைந்துவிட்டது என்றாள் ரோசினா.

ரோசினா சாவியைத் தொலைத்தாள் என்றால் யார் நம்புவார்கள்? கீழத்தெருப் பெண்கள் சிரித்தார்கள். வயசாகிவிட்டது, ஜெர்மனிக்கே அனுப்பிவிடலாம் என்று ஒருத்தன் சொன்னான். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். கழுத்தில் சாவிக்கயிறு சட்டைக்குள் இறங்கியிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சுவரைப் பார்த்தேன். பளிச்சென்று வெள்ளை. பட்டை இருந்த இடத்தில் தேதியைக் காணோம்.

எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே போகும்வரை காத்திருந்தேன்.

"அக்கா, பட்டை உடைஞ்சுதா?"

தலையாட்டினாள். "சுண்ணாம்பு அடிக்கும்போது பார்த்தேன், வேத்தா. குறுக்கால கீறல் ஓடியிருந்துச்சு. கை கேட்கலடி. பூசிட்டேன். பூசின அப்புறம்தான் பயம் வந்துச்சு. உங்களை எப்படி உள்ள விடுவேன்? இடிஞ்சு விழுந்தா?"

"அதுக்குப் பொய் சொல்லுவியா?"

"உண்மையச் சொன்னா லவீனியா மூடிடுவாளே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்டித் தீர்த்தேன். திட்டிக்கொண்டே லவீனியாவுக்குப் போன் பண்ணியதும் நான்தான்.

லவீனியா வந்தாள். சுவரைத் தடவிப் பார்த்தாள், விளக்கடித்துப் பார்த்தாள். ரோசினா பக்கத்தில் நின்று இடுப்பு ஏப்ரனை முறுக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு உடைந்திருந்தது என்று லவீனியா கேட்டாள். முடி அளவுதான் என்று உடனே சொன்னாள் ரோசினா. பிறகு, முடி அளவுதான் என்று நினைக்கிறேன், சரியாகப் பார்க்கவில்லை என்றாள்.

"முடி அளவுன்னா குளிருக்கும் வெயிலுக்கும் பட்டையே சுருங்கி வெடிச்சிருக்கும்மா. கோபுரத்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அப்படியே விட்டிருந்தீங்கன்னா இன்னிக்கே பார்த்துச் சொல்லியிருப்பேன்." லவீனியா குரலை உயர்த்தவே இல்லை. "இப்போ எனக்கு எதுவும் தெரியல. இன்னொரு குளிர்காலம் முழுக்கப் பார்க்கணும். அதுவரைக்கும் உள்ள யாரும் போகக் கூடாது."

மூடிவிடுவார்களோ என்று பயந்து அவள் செய்த காரியம்தான் கோபுரத்தை மூடிற்று. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியா தெரிய வேண்டும்? லவீனியா புதுப் பட்டை பூசி, புதுத் தேதி கீறி, கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டினாள். கட்டுவதற்கு முன் ஒரே ஒரு தடவை என்று அவள் விட, ஃபனேலும் இன்னும் சிலரும் ஒரே நடையில் உள்ளே போய் உப்புக்கண்டத்தையெல்லாம் இறக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். அவரவர் அவரவருடையதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோசினா வெளியே வரவில்லை. ஜன்னலில் திரை மூடியிருந்தது. அந்த வாரம் முழுவதும் என் கேட் தொங்கியது, அவள் சத்தமே வரவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான்தான் ஜன்னலிலேயே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. தேவாலயத்து மணியை அடிப்பதும் ரோசினாதான், அப்படியென்றால் வெளியே வந்துவிட்டாள். என் உப்புக்கண்டம் என் வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் பாதி வழியில் பார்க்கிறேன், கையில் கத்தியை எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

மதிலுக்குள் கீழத்தெருக்காரர்கள் ஏற்கெனவே நின்றார்கள். மேலத்தெருவும் வந்தது. ரோசினா சுவரிலிருந்து நாலடி தள்ளி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உடைஞ்சிருக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் பார்க்கல. கிட்டப் போகவே பயமா இருக்கு. நீங்களே பாருங்க."

ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். சொல்லாமலே வரிசை வந்துவிட்டது, எப்போதும் நிற்கிற அதே வரிசை. என் முறை வந்ததும் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தேன். நிமிர்ந்தபோது பின்னால் ஃபனேல் நின்றான்.

"உடையலதானே?" என்றான் என்னிடம்.

"உடையல," என்றேன். "நீயும் ஒரு தடவ பாரு."