மை காயாத கட்டைவிரல்

பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நாலு நாள் முன்னால் ஆலங்காயம் பஸ்ஸில் எங்கள் மலைக்கு வந்து இறங்கினார் அவர். வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும், பஸ் டிக்கெட்டைக்கூட, ஓரம் பிசகாமல் நாலாக மடிப்பார். வார்டு மெம்பருக்கு நின்ற என் அத்தைக்கு உதவ வந்ததாகச் சொன்னார்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் கைநாட்டு. அவர்களை உட்கார வைத்து, மாதிரிச் சீட்டில் முத்திரை குத்திக் காட்டினார்.

"முத்திரைய எவன் வேணா குத்துவான். ரேகை உங்களுது. ரிஜிஸ்டர்ல கைநாட்டு வெச்ச மை வெரல்ல இருக்கும்ல, அதயே சின்னத்துக்குப் பக்கத்துல அழுத்திடுங்க. உங்க ஓட்ட ஒருத்தனும் மாத்த முடியாது."

செம ஐடியா என்று தோன்றியது எனக்கு. காலேஜ் படித்த திமிரில், வீடு வீடாகப் போய் நானே சொல்லிக் கொடுத்தேன்.

எண்ணிக்கை அன்று, ரேகை பட்ட சீட்டெல்லாம் செல்லாது என்று ஒதுக்கினார்கள். போட்டவர் யாரென்று காட்டும் அடையாளம் சீட்டில் இருக்கவே கூடாதாம். அத்தை தோற்றாள். வெளியே, ஜெயித்தவனின் வேனில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா, இப்டி கழுத்தறுத்துட்ட?" என்று கத்தினேன்.

"கைல போனு வெச்சினுக்கிற. ஒரு வாட்டி தட்டிப் பாத்திருக்கலாமே தம்பி?" என்றவர், அத்தையின் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஊரில் யாருக்கும் இன்று அவர் முகம் ஞாபகமில்லை. எனக்கு அந்த மடிப்புகூட ஞாபகமிருக்கிறது. அத்தை என்னைத்தான் கேட்கிறாள்: "வூடு வூடா வந்து சொன்னது நீதானடா?"