குச்சியை முறிக்காத பிஸ்கால்

ஊரிலே நீதிமன்றக் கடதாசி கொண்டுவருகிறவரைப் பிஸ்கால் என்போம். பிஸ்கால் படலையைத் திறந்தால் வீட்டு நாயும் பின்பக்கத்தால் போய்விடும் என்று ஒரு பகிடி உண்டு. மெல்பேர்னுக்கு வந்து அந்த வேலையை நீயே செய்வாய் என்று எவராவது சாத்திரம் சொல்லியிருந்தால், காசைத் திருப்பித் தா என்று கேட்டிருப்பேன். ஆனால் நோபல் பார்க் பக்கம் நான் இருபது வருசம் நின்ற தொழிற்சாலையை ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். ஐம்பத்தாறு வயதுக்காரனுக்கு வேலை தர வரிசையில் நின்றவர்கள் ஒருவருமில்லை. கடைசியில் ஒரு சின்ன அலுவலகம் கூப்பிட்டது. கடன் வழக்கு, வாடகை வழக்கு, காணி வழக்கு என்று வருகிற கடதாசிகளை உரியவரிடம் நேரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மனைவி முதல் நாளே சொல்லிவிட்டா. “நீங்கள் போற வீட்டில ஒருத்தரும் தேத்தண்ணி தரமாட்டினம். பிளாஸ்கில கொண்டு போங்கோ.”

அது சாபமில்லை, சோதிடம். நாலு வருசமாகப் பிளாஸ்க் என்னோடுதான் வந்தது.

இந்த வேலையில் ஒரு விதி இருக்கிறது. ஆள் கடதாசியை வாங்க மறுத்தால் அவருக்கு முன்னால் அதை வைத்துவிட்டு, இது இன்ன கடதாசி என்று வாயால் சொன்னால் போதும். கொடுத்ததாகவே கணக்கு. வெள்ளைக்காரர்கள் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ஒருவர் அதன் மேலேயே நடந்து போய்க் காரில் ஏறினார். எங்கள் ஆட்கள் வேறு மாதிரி என்பதை நான் கிளென் வேவர்லியில் கண்டுபிடித்தேன். பெரிய வீடு, சென்னைப் பக்கத்து அம்மா ஒருவர். “அதெல்லாம் வாங்க முடியாது, போங்க” என்றார். நான் வாசலில் வைத்தேன். கதவைச் சாத்தப் போனவரின் கால் பெருவிரல் கடதாசியில் பட்டுவிட்டது. அவ்வளவுதான், சட்டென்று குனிந்து எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். ஒற்றிய பிறகுதான் தன் கையில் இருப்பது என்னவென்று தெரிந்தது.

“ஏங்க, உங்களுக்கு வெக்கமா இல்ல? எழுத்து இருக்கிற பேப்பரக் கால்ல போடுறீங்களே, நீங்கள்லாம் தமிழ் ஆளா?”

பேச்சு வாங்கினாலும் வேலை முடிந்தது. அதன் பிறகு தமிழ் வீடு என்றால் எனக்கு அதுவே வழியாகிவிட்டது. பெருமைப்படுகிற விசயமில்லை. சொல்லத்தான் வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

சண்டை வரக்கூடிய இடமென்றால் அலுவலகம் இரண்டு பேரை அனுப்பும். எனக்கு வாய்த்த கூட்டாளி அறுபது தாண்டிய வெள்ளைக்காரர், ஸ்கொட்லாந்து வம்சம். வெயிலில் அரை மணி நின்றால் வேகவைத்த இறால் மாதிரி ஆகிவிடுவார். போன மாசி மாதம் வெரிபீக்கு அப்பால் கடல் பக்கமாக உள்ள தோட்டக் காணிகளுக்கு ஒரு கடதாசி வந்தது. குத்தகைக்காரர் மூன்று தவணை வாடகை கட்டவில்லை, காணிச் சொந்தக்காரர் நிலத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். “ஆள் கத்துவாராம், கவனம்” என்று அலுவலகத்தில் எச்சரித்தார்கள். குத்தகைக்காரரின் பெயரைப் பார்த்ததுமே எங்கள் ஆள் என்று தெரிந்துவிட்டது.

நோபல் பார்க்கிலிருந்து வெரிபீ நல்ல தூரம். வழியில் கூட்டாளி தன் பூட்டன்மாரின் கதையை எடுத்தார். நானூறு வருசத்துக்கு முந்திய ஸ்கொட்லாந்து. காணிக் கடன் கட்டாதவர் வீட்டுக்கு ராசாவின் பெயரால் ஓர் ஆள் கடதாசியோடு வருவாராம். வாள் இல்லை. கையில் ஒரு சின்னக் குச்சியும் கூடவே ஒரு ஊதுகொம்பும்தான். சொன்ன நாளில் கடன் தீராவிட்டால் சந்தைச் சந்தியில் நின்று அந்தக் கொம்பை மூன்று தரம் ஊதுவார். அதோடு கடன்பட்டவர் ராசாவுக்கே எதிரி.

“எங்கள் ஆட்கள் ஊத விட்டால்தானே!” என்று தன் தொடையில் தட்டிச் சிரித்தார். “உறவுக்காரன், வேலைக்காரன், குத்தகைக்காரன் எல்லோரும் தடியோடு வந்துவிடுவார்கள். பெண்கள்தான் முன்வரிசை, மடி நிறையக் கல். கடதாசியைக் கிழித்துக் கொண்டுவந்தவன் வாயிலேயே திணித்ததும் உண்டு.”

“அடி வாங்கினவர் என்ன செய்வார்?”

“அங்கேதான் விசயம். அவர் தன்னுடைய குச்சியைத் தானே முறிக்க வேண்டும், எல்லோரும் பார்க்க. முறித்தால் அடித்தவர்கள் மேல் ராசாவின் கையைத் தடுத்த குற்றம் விழும். முறிக்காமல் திரும்பிப் போனால் வெறும் கைகலப்பு.”

“உங்கள் பூட்டனுக்கு என்ன நடந்தது?”

“அவர் வாசலில் குச்சியை முறித்தார்கள். காணி போனது. காணி இல்லாத வம்சம் கடைசியில் கப்பல் ஏறியது. அதனால்தான் நான் இன்றைக்கு உன் காரில் வெந்துகொண்டிருக்கிறேன்.”

சொன்னது அவர், கேட்டது நான். சரிபிழை அந்தப் பூட்டனுக்குத்தான் தெரியும். ஆனால் கல் எறிந்த கூட்டத்தின் பேரன் இப்போது கடதாசி கொண்டு போகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

தோட்டத்தில் கத்தரியும் மிளகாயும் முழங்காலுக்கு மேல் நின்றன. பிஞ்சும் பூவுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மண்வெட்டியால் வாய்க்கால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பாத்தி தள்ளி அவருடைய மனைவி சொத்தைக் காய்களைப் பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தா.

“வணக்கம் தம்பி” என்றேன்.

தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு என் கக்கத்திலிருந்த கோப்பைக் கண்டார். மலர்ந்தது அப்படியே வாடியது.

“ஓ, இப்ப தமிழாக்களைப் பிடிச்சு அனுப்பிறாங்களோ? பிஸ்காலோ நீங்கள்?”

“ஓம், அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளும். இது கோட்டுக் கடதாசி. வாங்கினால் உமக்குத்தான் நல்லது.”

“வாங்க மாட்டன். காய் ஆய இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. இப்ப நிலத்தை விட்டிட்டுப் போ எண்டால், இதில நிக்கிறதெல்லாம் ஆருக்கு? உங்களுக்கோ, உந்த வெள்ளைக்கோ?”

“இஞ்ச பாரும் தம்பி...”

“தம்பி கிம்பி எண்டு வராதேங்கோ! கப்பல்ல வந்தாக்களெண்டால் எல்லாருக்கும் இளக்காரம்!”

அதற்குள் முதல் கத்தரிக்காய் வந்து கூட்டாளியின் நெஞ்சில் விழுந்தது. குத்தகைக்காரரின் மனைவி வாளியை இடுப்பில் தாங்கிக்கொண்டு பாத்தியைத் தாண்டி வந்தா. “பிள்ளை குட்டி பெத்தனீங்களோ இல்லையோ? போங்கோ வெளியில!” இரண்டாவது காய் என் முழங்கையில். நான் என் பழைய வழியைச் செய்தேன். குனிந்து கடதாசியைக் குத்தகைக்காரரின் காலடியில் வைக்கப் போனேன். குனிந்தவன் நிமிரும்போது மண்வெட்டி வந்தது.

இரும்புப் பக்கமில்லை, பிடிப் பக்கம். அது என் ஓலைத் தொப்பியைப் பறக்க வைத்துவிட்டுத் தோளில் இறங்கியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று சின்ன வயதிலிருந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சேற்றில் கிடந்த தொப்பியைப் பார்த்தபோதுதான் அதை முதன்முதல் சொன்னவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளங்கியது.

அவர் மறுபடி மண்வெட்டியை ஓங்க ஒரு அடி முன்னுக்கு வைத்தார். வைத்த சப்பாத்து கடதாசியின் மேல்.

அவர் கீழே பார்த்தார். மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. தீயை மிதித்தவர் மாதிரிக் காலை இழுத்தார். குனிந்து எடுத்து, ஈரமண்ணைத் தன் சேட்டில் துடைத்து, ஒரு கண், மறு கண் என்று ஒற்றினார். பிறகு அப்படியே நின்றார், கடதாசி நெற்றிக்கு நேரே. அவருடைய மனைவியின் கையில் மூன்றாவது கத்தரிக்காய் எறியப்படாமலே இருந்தது.

இங்கே பொலிசைக் கூப்பிடுகிற இலக்கம் மூன்று சைபர். கூட்டாளி ரெலிபோனை எடுத்து அதில் இரண்டை அழுத்திவிட்டார். “அழைக்கட்டுமா?” என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்வி இங்கிலீசில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. “ஐயோ, என்னப்பா செய்து போட்டீங்கள்! எங்கட விசா...” என்று அப்படியே வரப்பில் குந்திவிட்டா.

கப்பலில் வந்து தஞ்சம் கேட்டவர்களுக்குக் கொடுக்கிற தற்காலிக விசாதான் அவர்களுடையது. பத்து வருசத்துக்கு மேல் புதுப்பித்துப் புதுப்பித்து இழுக்கிற கயிறு. அடிதடி என்று பொலிசில் ஒரு வழக்கு விழுந்தால் அந்தக் கயிறு அறுந்துவிடலாம். நிலம், காய், இந்த நாடு எல்லாமே அந்த மூன்றாவது சைபரில் தொங்கிக்கொண்டிருந்தன. அவருக்கும் அது தெரிந்துவிட்டது. எனக்குத் தோள் நெருப்பாக எரிந்தது. கோபமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் அந்தக் கடதாசியைப் பார்த்தேன். எங்கே வைத்தால் எடுப்பார் என்று தெரிந்துதான் காலடியில் வைத்தேன். அவர் அடித்தது பிழை. நான் வைத்த இடமும் சரியில்லை.

“குச்சியை முறிக்க வேண்டாம்” என்றேன் கூட்டாளியிடம்.

அவர் என்னை ஒரு நிமிசம் பார்த்தார். “அடி உன்னுடையது. குச்சியும் உன்னுடையது” என்று ரெலிபோனைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு நெஞ்சில் ஒட்டியிருந்த விதையைத் தட்டிக்கொண்டு, “எங்கள் பெண்கள் கல் எறிந்தார்கள். கத்தரிக்காய் எவ்வளவோ மேல்” என்றார்.

தகரக் கொட்டகைக்குள் இரண்டு கதிரை. அதில் எங்களை இருத்திவிட்டு அவர்கள் நின்றார்கள். அந்தப் பெண் காஸ் அடுப்பை மூட்டினா. இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி. நாலு வருசத்தில் முதல் தடவை. தோள் நோவோடு இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

“எய்தவன் இருக்க அம்பை நொந்திட்டன் அண்ணை” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

“அம்பு வந்து இடக்கு முடக்கா விழுந்தா ஆருக்கும் கோவம் வரும்” என்றேன். “முதல்ல வாசியும், என்ன எழுதியிருக்கெண்டு.”

வாசிக்கத் தெரியும், ஆனால் பயம். நான்தான் விரல் வைத்துச் சொன்னேன். அதில் நிலத்தை விட்டு இன்றைக்குப் போ என்று எங்கேயும் இல்லை. ஆறு கிழமை கழித்து இன்ன நாள் நீதிமன்றத்துக்கு வா என்று இருந்தது. அதுவரை ஒருவரும் அவரை அசைக்க முடியாது. காய்க்குத் தேவையான மூன்று கிழமை, அதன் மேலே இன்னும் மூன்று கிழமை. எதை எதிர்த்து மண்வெட்டி தூக்கினாரோ அதற்குள்ளேதான் அந்தத் தவணை இருந்தது.

“இதுக்கு முன்னம் தபாலில ஒண்டும் வரேல்லையோ?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவ எழும்பிப் போய், கொட்டகை மூலையில் இருந்த பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து ஐந்து உறைகளைக் கொண்டுவந்தா. ஒன்றும் உடைக்கவில்லை. திருநீறு மட்டும் பூசியிருந்தது.

“இங்கிலீசுக் கடதாசி எண்டால் விசாக் கடதாசியாத்தான் இருக்கும் எண்டு பயம் அண்ணை. பிள்ளையாருக்குப் பின்னால வைச்சால் நல்லதா மாறும் எண்டு...”

கூட்டாளிக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. உறைகளை ஒவ்வொன்றாக வாங்கித் திறந்து மெதுவாக வாசித்தார். முதலாவதில் காணிச் சொந்தக்காரர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், ஒருதரம் வந்து கதையுங்கள் என்று. ஐந்தாவதில்தான் வழக்கறிஞர் வந்திருந்தார். காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி செய்கிற ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லி, இந்த ஐந்தையும் இதையும் சேர்த்துக் கொண்டுபோகச் சொன்னேன், என் ரெலிபோன் நம்பரையும் எழுதிக்கொடுத்தேன். அவ்வளவுக்கு மேல் சொல்ல என் வேலையில் இடமில்லை.

அடுத்த நாள் சத்தியக் கடதாசி எழுதினேன். எந்த நாள், எந்த இடம், எப்படிக் கொடுத்தாய் என்று அதில் கேட்டிருக்கும். ‘அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் தன் கையால் எடுத்தார்.’ அது அப்பட்டமான உண்மை. அடித்தாரா என்று ஒரு கேள்வி அதில் இருந்தால் என்ன எழுதியிருப்பேனோ தெரியாது. இல்லாதது கடவுள் செயல்.

வீட்டில்தான் விசாரணை. தோளில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்ததை மறைக்க முடியுமா? மனைவி எண்ணெய் பூசிக்கொண்டே முழுக்கதையையும் கறந்துவிட்டா. “நல்லாத்தான் செய்தீங்கள்” என்றா முடிவில். பிறகு அழுத்தி ஒரு தேய்ப்பு. “ஆனா இனி ஒருத்தற்ற காலுக்கையும் கொண்டுபோய்க் குனியாதேங்கோ.”

ஆறு கிழமையும் எனக்கு நிம்மதி இல்லை. அவர் நீதிமன்றத்துக்குப் போவாரா, அந்த உறைகளை மறுபடி பிள்ளையாரிடம் கொடுத்துவிடுவாரா? அங்கே யாராவது சத்தம் போட்டால் திரும்பவும் கை ஓங்கிவிடுவாரா? அடி வாங்கினவன் அடித்தவனுக்காக நேர்த்தி வைத்த கதை என் கதைதான். அந்த நாளன்று டண்டினொங்கில் ஒரு தெருவோரமாகக் காரை நிறுத்திவிட்டு ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டாளியும் பக்கத்திலிருந்து அதையேதான் பார்த்தார்.

பின்னேரம் இரண்டு மணிபோல ரெலிபோன் அடித்தது.

“அண்ணை, கோட்டுக்குப் போயிட்டு வந்தனான்.” குரலில் மூச்சு வாங்கியது. “உள்ள போகவே தேவைப்படேல்லை. வாசலிலேயே காணிக்காரர் வந்து கதைச்சவர். வித்த காய்க்காசில பாதி குடுத்திட்டன். மிச்சம் துண்டு துண்டாக் கட்டலாமாம். நிலம் இன்னும் ஒரு வருசத்துக்கு எங்களிட்டத்தான்!”

“கையெழுத்து வைச்சாச்சோ?”

“ஓம் அண்ணை. எல்லாம் வாசிச்சுப் பார்த்துத்தான் வைச்சனான்.”

நான் கூட்டாளியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் இருக்கையில் சாய்ந்து, நானூறு வருசமாக அடக்கி வைத்த மூச்சை விட்டவர் மாதிரி ஒரு மூச்சு விட்டார்.

இப்போதும் அதே வேலைதான். எங்கள் ஆட்கள் கடதாசியை மறுத்தால் நான் காலடியில் வைப்பதில்லை. கார் மூடியின் மேலோ மதிலின் மேலோ, கை எட்டுகிற உயரத்தில் வைத்துவிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சட்டத்துக்கு அதுவும் போதும். பேச்சு விழத்தான் செய்கிறது, விழட்டும்.

போன ஞாயிறு அவர்கள் இரண்டு பேரும் நோபல் பார்க்குக்கு வந்தார்கள். ஒரு பெட்டி கத்தரிக்காய், அதன் மேல் விலைச்சீட்டுக் கழற்றாத புது ஓலைத் தொப்பி. மனைவி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தா. “இஞ்சாருங்கோ, அவையை இருக்கச் சொல்லுங்கோ. இந்த முறை தேத்தண்ணி எங்கட முறை.”